வெறும் வண்டியை அளக்கும் சட்டம்: அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதிகளும் சுமை இழுக்கும் பிக்கப்களும்

ஒரு வாகனத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்பதை அதன் வகையை வைத்து முடிவுசெய்வதா, அது செய்யும் வேலையை வைத்து முடிவுசெய்வதா? இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 2022 யூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20, லொறிக்கு 50 என்று வகைப்படி பிரித்தார்கள். சந்தைக்கு மரக்கறி ஏற்றும் முச்சக்கரவண்டிக்கும் வீட்டுத் தேவைக்கு மட்டும் ஓடும் முச்சக்கரவண்டிக்கும் அதே 5 லீற்றர்தான். அதற்கு முன்னர், பொருளாதாரத் தடைக் காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்கு வரிசையில் நிற்காத இன்றைய அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வடிவில் ஐம்பது ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே அரசு எண்ணெயைப் பங்கிடவில்லை. ஒரு கலன் எண்ணெயில் வாகனம் எத்தனை மைல் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு இலக்கு வைக்கிறது. பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளும் மேசன்மாரும் மாட்டுப் பண்ணைக்காரரும் சொல்வது இதுதான்: "எங்கள் வண்டி இழுக்க வேண்டும், ஏற்ற வேண்டும். சிக்கனம் என்று எஞ்சினைச் சிறிதாக்கினால் எங்கள் தொழில் என்னாவது?" சுற்றாடல் அமைப்புகளோ, பிக்கப் வாங்குவோரில் பெரும்பாலானோர் சுமை இழுப்பதே அபூர்வம் என்கின்றன. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் அதிகம் பேசாத விடயம் ஒன்று இருக்கிறது: அந்தச் சட்டம் எதை அளக்கிறது என்பது.

எண்ணெய்த் தடையில் பிறந்த விதி

1973 ஒக்டோபரில் அரபு - இஸ்ரேல் யுத்தம் மூண்டதும் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கான விநியோகத்தை நிறுத்தின. எரிபொருள் நிலையங்களில் அமெரிக்கர்களே வரிசையில் நின்றார்கள். அதன் விளைவாக 1975 டிசெம்பரில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் ஒரு எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வருடத்தில் விற்கும் கார்கள் எல்லாவற்றினதும் சராசரி சிக்கனம் ஓர் இலக்கை எட்ட வேண்டும். கார்களுக்கு 1978இல் கலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. எங்கள் கணக்கில் 27.5 என்பது லீற்றருக்கு 11.7 கிலோமீற்றர். இலக்கைத் தவறவிட்டால் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டொலர் தண்டம்.

இந்தச் சட்டம் நிறுவனத்தின் சராசரியைத்தான் பார்க்கிறது. தனி மனிதர் எந்த வண்டியை வாங்கலாம், அதில் என்ன ஏற்றலாம் என்பதில் அது கைவைப்பதில்லை. "அரசாங்கம் என் பிக்கப்பைப் பறிக்கப் பார்க்கிறது" என்ற பேச்சு அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் அடிக்கடி கேட்கும். சட்டத்தின் எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இலக்கை எட்டுவதற்காக நிறுவனங்கள் எதைச் செய்கின்றன, எதை விற்பதை நிறுத்துகின்றன, விலையை எவ்வளவு கூட்டுகின்றன என்பதெல்லாம் கடைசியில் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

பிக்கப்கள் "இலகு டிரக்" என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. அவை உழைக்கும் வாகனங்கள், கார்களைப் போல நெருக்கக் கூடாது என்ற நியாயமான எண்ணம்தான். அவற்றின் இலக்கைப் போக்குவரத்துத் திணைக்களமே தீர்மானிக்கலாம் என்று விடப்பட்டது. இதனால் 1996 தொடக்கம் 2004 வரை இலகு டிரக்குகளின் இலக்கு 20.7 மைலிலேயே நின்றது. இடையில் சில ஆண்டுகள் அதை உயர்த்துவது பற்றிய வேலைக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று காங்கிரஸே தடைபோட்டது.

உழைப்பாளிக்காகத் திறந்த அந்தக் கதவால் யார் யார் நுழைந்தார்கள் என்பதுதான் கதை. குடும்பங்கள் ஓட்டும் எஸ்யூவிகளும் மினிவான்களும் "இலகு டிரக்" என்றே பதிவாகின. 1978இல் எண்ணெய் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி வந்தபோது டிரக்குகளுக்கு விலக்கு. அதற்கு முன்பே, 1960களில், ஐரோப்பாவுடனான கோழி இறைச்சி வர்த்தகச் சண்டையில் அமெரிக்கா இறக்குமதி டிரக்குகளுக்கு 25 வீத வரி விதித்திருந்தது. கோழிச் சண்டை எப்போதோ மறந்துபோனது, "கோழி வரி" இன்றும் இருக்கிறது. வெளிநாட்டுச் சிறிய பிக்கப்கள் மலிவாக உள்ளே வர முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1975இல் அமெரிக்காவில் விற்ற புதிய வாகனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் டிரக் பிரிவு. இன்று அது 60 வீதத்துக்கும் மேல். அத்தனை பேரும் வைக்கோலும் சீமெந்தும் ஏற்றவில்லை என்பது வெளிப்படை.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று அப்பால் வண்டியை நிறுத்தும் கெட்டித்தனமும் ஆரம்பத்திலேயே இருந்தது. 1975இல் அறிமுகமான ஃபோர்ட் எஃப்-150, சுமையுடன் சேர்ந்த மொத்த நிறை 6,000 இறாத்தலுக்குக் கொஞ்சம் கூடவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த எல்லைக்குக் கீழே இருந்த வண்டிகளுக்குத்தான் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக்கமாக இருந்தன. பிற்காலத்தில் அதிகம் விற்ற பிக்கப்பின் பிறப்புக் கதை இது.

பெரிதானால் இலக்கு குறையும்

2006இல் டிரக்குகளுக்கான விதி மாறியது. 2007 டிசெம்பரில் வந்த புதிய சட்டம் அந்த முறையைக் கார்களுக்கும் நிரந்தரமாக்கியது. அதன்படி எல்லா வண்டிக்கும் ஒரே இலக்கு இல்லை. நான்கு சக்கரங்களும் நிலத்தில் தொடும் இடங்களை இணைத்தால் வரும் செவ்வகத்தின் பரப்பளவைப் பார்ப்பார்கள். பரப்பு பெரிதென்றால் இலக்கு இலகு, சிறிதென்றால் இலக்கு கடினம்.

இதற்கும் காரணம் இருந்தது. இலக்குக்காக நிறுவனங்கள் வண்டிகளைச் சிறிதாக்கியதால் 1993இல் மட்டும் 1,300 முதல் 2,600 வரை மேலதிக வீதி மரணங்கள் ஏற்பட்டிருக்கலாம் என்று தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2002இல் கணித்திருந்தது. ஆகவே சிறிதாக்குவதற்குப் பரிசு கொடுக்காத ஒரு முறையைத் தேடினார்கள். ஆனால் பரப்பளவு என்பது வேலை அல்ல. நீண்ட அடித்தட்டும் நான்கு கதவும் தோல் இருக்கைகளும் கொண்ட ஒரு பிக்கப் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் இலகுவான இலக்கைப் பெறுகிறது. இரண்டு பேர் இருக்கும் முன்பகுதியும் 6 அடித் தட்டும் கொண்ட சிறிய பிக்கப் தினமும் உழைத்தாலும் கடினமான இலக்கைச் சுமக்கிறது. ஃபோர்டின் சிறிய ரேஞ்சர் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2011உடன் விலகியது. 2019இல் திரும்பியபோது உடல் பெருத்திருந்தது. இதற்கு இந்த விதி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பெரிய வண்டியில் இலாபமும் பெரிது என்பதும், முன்னர் சொன்ன கோழி வரியும் சேர்ந்துதான் சிறிய பிக்கப்பை விரட்டின. ஆனால் தோட்டக்காரரும் குழாய் வேலை செய்பவரும் மலிவாக வாங்கிய வண்டி இல்லாமல் போனதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. 2022 மாதிரியாக ஃபோர்ட் மேவரிக் என்ற சிறிய பிக்கப், கலப்பு எஞ்சினையே அடிப்படை எஞ்சினாகக் கொண்டு வந்தபோது அதற்கு இருந்த வரவேற்பு, அந்த இடம் எவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்தது என்பதைக் காட்டியது.

பரிசோதனைக் கூடத்தில் ட்ரெயிலர் இல்லை

இப்போது பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். ஒரு சாதாரண பிக்கப்பின் சிக்கனத்தை எப்படி அளக்கிறார்கள்? கூடத்துக்குள் உருளைகளின் மேல் சக்கரங்களை வைத்து, எழுதிவைத்த வேகங்களில் ஓடவிடுகிறார்கள். வண்டியின் வெறும் நிறையுடன் 300 இறாத்தல், அதாவது சுமார் 136 கிலோ, சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஓட்டுநரும் கூட ஒருவரும் இருப்பதற்குச் சமம். தட்டில் மணல் இல்லை, பின்னால் ட்ரெயிலர் இல்லை, ஏற்றம் இல்லை.

ஆகவே நிறுவனங்களும் வெறும் வண்டியில் எண்ணெய் மிச்சமாகும் தொழில்நுட்பங்களையே தேடிப் போயின. அவற்றுள் சில சுமையோடும் உதவும், சில உதவாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் உரிமையாளர்களின் கோபம் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் இருக்கிறது.

டேர்போ பூட்டிய சிறிய எஞ்சின் நல்ல உதாரணம். 2011 தொடக்கம் எஃப்-150இல் 3.5 லீற்றர் ஆறு சிலிண்டர் டேர்போ எஞ்சின் வந்தது. முன்பு எட்டு சிலிண்டர் செய்த வேலையை அது செய்கிறது. இழுவிசை குறையவில்லை, குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். வெறுமையாக ஓடும்போது சிறிய எஞ்சினின் சிக்கனம் கிடைக்கும். ஆனால் பாரமான ட்ரெயிலரோடு மலை ஏறினால் டேர்போ முழு மூச்சில் காற்றைத் தள்ளும். எஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கூடுதல் எண்ணெயும் உள்ளே போகும். அப்போது குடிக்கும் அளவு பழைய பெரிய எஞ்சினுக்குக் கிட்ட வந்துவிடும். "இழுக்காது" என்ற குற்றச்சாட்டு பொய். "விளம்பரத்தில் சொன்ன சிக்கனம் எனக்குக் கிடைக்கவில்லை" என்பது உண்மை.

சுமை குறைவாக இருக்கும்போது எட்டில் நான்கு சிலிண்டரை நிறுத்திவைக்கும் முறையும் அப்படித்தான். ட்ரெயிலர் பூட்டியதும் எட்டும் விழித்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிக்கலான பாகங்கள் பழுதானால் திருத்தும் செலவு மட்டும் ஏற்றுபவருக்கும் ஏற்றாதவருக்கும் ஒன்றுதான். கராஜ்காரரிடம் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்.

மறுபக்கம், 2015இல் எஃப்-150இன் உடல் இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியபோது 700 இறாத்தல், ஏறத்தாழ 320 கிலோ வரை நிறை குறைந்தது. வண்டியின் சொந்த நிறை குறைந்தால் அதே அடிச்சட்டத்தில் அவ்வளவு சுமையைக் கூடுதலாக ஏற்றலாம். சிக்கன விதி சுமைக்காரருக்கு நேரடியாக நன்மை செய்த இடம் இது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் சேர்ந்து உருவாக்கிய பத்துக் கியர் பெட்டியும் அப்படியே. ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பொருத்தமான கியர் எப்போதும் கைக்கெட்டும்.

மின்சாரப் பிக்கப்பின் கதை வேறு. இழுவிசையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பெரிய ட்ரெயிலரைப் பூட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. டீசல் வண்டிக்கும் எண்ணெய்ச் செலவு கூடத்தான் செய்யும், ஆனால் ஐந்து நிமிடத்தில் தாங்கி நிரம்பிவிடும். 2022இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்த எஃப்-150 லைட்னிங்கின் முழு மின்சார வடிவத்தைக் கைவிடுவதாக ஃபோர்ட் 2025 டிசெம்பரில் அறிவித்தது. அதற்கு விலையும் மாறிய அரசியலும் காரணம் என்றாலும், இழுக்கும்போது தூரம் பாதியாவதை எந்த விளம்பரத்தாலும் மறைக்க முடியவில்லை.

வேலையை அளந்த ஒரு விதி

சுமையைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் அது தவறு. அமெரிக்காவே அதைச் செய்து காட்டியிருக்கிறது. மொத்த நிறை 8,500 இறாத்தலுக்கு மேல், 14,000 இறாத்தல் வரையான கனரக பிக்கப்கள் (சுமார் 3,850 முதல் 6,350 கிலோ) பல பத்தாண்டுகளாக எந்தச் சிக்கன விதிக்கும் உட்படவில்லை. 2011இல் ஒபாமா நிர்வாகம் அவற்றுக்கு முதன்முறையாக விதி வகுத்தது, 2014 மாதிரிகளிலிருந்து நடைமுறை. இங்கே பரப்பளவு பார்க்கப்படவில்லை. "வேலைக் காரணி" என்ற ஒரு எண்ணைப் பார்த்தார்கள்.

கணக்கு எளிது. வண்டி தட்டில் ஏற்றக்கூடிய சுமையை எடுங்கள். நான்கு சக்கர இயக்கம் என்றால் 500 இறாத்தல் கூட்டுங்கள். அதன் முக்கால் பங்கையும், இழுக்கக்கூடிய சுமையின் கால் பங்கையும் சேருங்கள். 3,000 இறாத்தல் ஏற்றி 14,000 இறாத்தல் இழுக்கும் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 2,625 உடன் 3,500, ஆக 6,125. இந்த எண் கூடக்கூட அனுமதிக்கப்படும் எரிபொருள் கூடும். பரிசோதனையும் வெறும் வண்டியில் அல்ல, ஏற்றக்கூடிய சுமையில் பாதியை ஏற்றிய நிறையில் நடக்கிறது. உழைக்கும் வண்டியிடம் உழைப்புக்கேற்ற சிக்கனத்தை மட்டும் கேட்கும் விதி இது. இவ்வளவு காலச் சண்டையில் நான் கண்ட மிக நேர்மையான பகுதி இதுதான்.

ஆனாலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அளப்பது வேலைத் திறனை, செய்த வேலையை அல்ல. 14,000 இறாத்தல் இழுக்கும் வண்டியை வாங்கி அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டினாலும் அதே சலுகை. இழுவைத் திறனை மிகைப்படுத்தும் போட்டி நிறுவனங்களிடையே முன்பே இருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கு ஒரு எண்ணைச் சொல்லிவந்தார்கள். பின்னர் பொறியியலாளர் சங்கம் ஒரு பொதுப் பரிசோதனை முறையை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து ஏறும் நீண்ட வீதியை அடிப்படையாகக் கொண்டு, 38 பாகை வெயிலில், குளிரூட்டியை முழுதாகப் போட்டு, ட்ரெயிலரோடு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். 2011இல் டொயோட்டா டுண்ட்ரா முதலில் அதை ஏற்றது. ஏற்றதும் அதன் இழுவை எண் இறங்கியது. மற்றவர்கள் சில ஆண்டுகள் தாமதித்தே பின்தொடர்ந்தார்கள்.

இன்னொரு விசித்திரம். புதிய வாகனத்தின் கண்ணாடியில் சிக்கன அளவைக் காட்டும் லேபல் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 8,500 இறாத்தலுக்கு மேற்பட்ட பிக்கப்களுக்கு அது கட்டாயமில்லை. அதாவது, அதிகம் ஏற்றுபவர், அதிகம் எண்ணெய் அடிப்பவர், எந்த வண்டி எவ்வளவு குடிக்கும் என்று தெரியாமலே வாங்குகிறார்.

யாருக்கு மிச்சம் அதிகம்?

"பாரமான வண்டியில் ஒரு மைல், இரண்டு மைல் கூட்டி என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அலகில் ஒரு கணக்குப் பார்ப்போம். வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் பிக்கப் லீற்றருக்கு 5 கிலோமீற்றரிலிருந்து 6க்கு முன்னேறினால், 3,000 லீற்றர் 2,500 ஆகும். மிச்சம் 500 லீற்றர். அதே தூரம் ஓடும் சிறிய கார் 15இலிருந்து 20க்கு முன்னேறினால் 1,000 லீற்றர் 750 ஆகும். மிச்சம் 250 மட்டுமே. காரில் ஐந்து கிலோமீற்றர் கூட்டியதைவிடப் பிக்கப்பில் ஒரு கிலோமீற்றர் கூட்டியது இரு மடங்கு மிச்சம். சிக்கனத்தால் அதிகம் பயன்பெறக்கூடியவர் பாரம் ஏற்றுபவர்தான். சிக்கன விதி தங்களுக்கு எதிரி என்று அவர்களிலேயே பலர் நம்ப வைக்கப்பட்டது அரசியலின் கைங்கரியம்.

அந்த அரசியல் கடந்த சில ஆண்டுகளில் இலக்குகளை ஊஞ்சலாட்டியிருக்கிறது. ஒபாமா கூட்டியதை ட்ரம்ப் 2020இல் குறைத்தார். பைடன் 2022இல் மீண்டும் கூட்டினார். 2024 யூனில் வந்த விதியில் கார்களுக்கு 2027 முதல் வருடம் 2 வீத முன்னேற்றம் கேட்கப்பட்டது, பிக்கப் அடங்கிய பிரிவுக்கு முதல் இரண்டு வருடமும் பூச்சியம். 2025 யூலையில் ட்ரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம் இலக்கைத் தவறவிடுவதற்கான தண்டத்தைப் பூச்சியம் டொலராக்கியது. டிசெம்பரில் 2031க்கான சராசரி இலக்கை ஏறத்தாழ 50 மைலிலிருந்து 34.5க்கு இறக்கும் முன்மொழிவு வந்தது. ஒரு புதிய எஞ்சினை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை திசை மாறும் விதியை நம்பி யார் பணம் போடுவார்கள்?

இந்தச் சண்டை எங்களுக்கு முற்றிலும் தூரமானதல்ல. கனடா 2011 மாதிரிகளிலிருந்து வாகனப் புகை விதிகளை அமெரிக்க விதிகளோடு பொருத்தியே வகுத்துவந்தது. ரொறன்ரோவில் கூரை வேலை, வீடு திருத்தும் வேலை என்று பிக்கப்பில் பிழைக்கும் எங்கள் ஆட்கள் வாங்குவது அதே வண்டிகளைத்தான். கனடாவின் லேபல் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று காட்டும். மேலே போட்ட கணக்குக்கு அதுவே வசதி. ஆனால் அந்த எண்ணும் ட்ரெயிலர் இல்லாத எண்தான். பெட்டி போன்ற உயரமான ட்ரெயிலரை வேகவீதியில் இழுத்தால் செலவு ஒன்றரை மடங்கு, சில வேளை இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிறையைவிடக் காற்றுத்தடைதான் பெரிய எதிரி. வேகத்தை மணிக்கு 110இலிருந்து 90க்குக் குறைப்பது எந்த எஞ்சினை மாற்றுவதையும்விட மலிவான சிக்கனம்.

வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் இழுவை எண்ணை விட்டுவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளைப் பார்க்க வேண்டும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்பது அதில் இருக்கும். 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோ ட்ரெயிலர் பூட்டினால் அதன் நிறையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் அழுத்தும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். 400 கிலோ கொக்கிக்கு, வேலைக்குப் போகும் நான்கு பேருக்கு 320 கிலோ. தட்டில் ஏற்ற மிஞ்சுவது 30 கிலோ. எங்கள் ஊர் சீமெந்துப் பை ஒன்றே 50 கிலோ.